சுற்றினால் ஆடாத சக்கரம்

கொர்னேலியஸின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். வாத்தியார் வேலை பார்த்தவர் அல்ல. ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் சக்கரப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது; சாக்பீஸ் இன்னும் ஓய்வு பெறவில்லை. துவைக்கும்போது பையைத் துழாவ அவர் மனைவி கனகமணி மறந்துவிடுவாள். அதனால் வீட்டில் பாதிச் சட்டைகளுக்கு இடது மார்பில் ஒரு வெள்ளைத் தழும்பு.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பட்டப்பெயரே சாக்பீஸ்தான். அப்ரண்டிஸ் பையன்கள் ஒரு தடவை அவர் டப்பாவிலிருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, அதே அளவுக்குச் சீவிய வெள்ளை முள்ளங்கியை அடுக்கி வைத்தார்கள். அவர் முள்ளங்கியைச் சக்கரத்தில் மூன்று நிமிஷம் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஈரக்காத்து ஜாஸ்தி" என்றார். விஷயம் தெரிந்த பிறகும் கோபப்படவில்லை. மத்தியானம் அந்த முள்ளங்கியை உப்புத் தொட்டுத் தின்றுவிட்டார். பையன்களுக்கு அதன் பிறகு அவரிடம் விளையாட மனசு வரவில்லை.

அந்த சாக்பீஸுக்கு ஒரு உண்மையான வேலையும் உண்டு. ரயிலில் சக்கரங்கள் இரண்டும் அச்சோடு இறுக்கி வைக்கப்பட்டிருக்கும். அச்சு சுற்றினால்தான் சக்கரம் சுற்றும். அச்சு கொஞ்சம் வளைந்திருந்தாலும் சுற்றும்போது சக்கரம் பக்கவாட்டில் ஆடும். விளிம்பை ஒட்டி சாக்பீஸை அசையாமல் பிடித்துக்கொண்டால், ஆட்டம் வருகிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அப்படி ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அச்சு கோணல். வட்டம் முழுக்க ஒரே மாதிரி விழுந்தால் அச்சு நேர். முப்பத்து நாலு வருஷத்தில் சாக்பீஸ் அவரை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்து தங்கிவிட்ட தெலுங்கு ஊரில், மெட்டுகுடா வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று அவர் நினைத்திருந்தார். மகள் ரேச்சல் வேறு மாதிரி நினைத்தாள். அவள் அப்போது கச்சிபௌலியில் ஒரு பெரிய அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தாள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் முழுக்க வெறும் வயிறு என்று கண்டுகொண்டாள். அசோசியேஷனில் பேசி, கேட் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு டிபன் வண்டி போட இடம் வாங்கினாள். இடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாட்ச்மேன் கூண்டுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே ஒரு டிரெய்லர் நிற்கும். பிறகு மருமகனுக்கு மாற்றல் வந்து இருவரும் புனே போய்விட்டார்கள். ரேச்சல் ஊரில் விட்டுப்போனது அந்த இடம் ஒன்றுதான். கனகமணி அதை அப்படித்தான் பார்த்தாள். வியாபாரத்தைப் பற்றி அலுத்துக்கொள்வாள். இடத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல விடமாட்டாள்.

வண்டி ஒற்றை அச்சு டிரெய்லர். மேலே தகரப் பெட்டி, அதில் அடுப்பு, பலகை, இடது ஓரத்தில் குழாய் வைத்த தண்ணீர் டிரம். நெற்றியில் 'எபிநேசர் டிபன்' என்று மஞ்சள் எழுத்து; பெயர் வேதத்திலிருந்து எடுத்தது. பழைய ஆம்னி வேன் அதை இழுக்கும். தினமும் காலை மூன்று மணிக்கு எழுந்து, ஐந்தே காலுக்குக் கிளம்பி, ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இட்லியை இழுத்துக்கொண்டு போவது. அறுபத்திரண்டு வயதில் இதற்குப் பெயர் ஓய்வு.

ஜூலையில் ஒரு மழைநாள். ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. ஆம்னி தப்பித்தது, பின்னால் வந்த டிரெய்லரின் இடது சக்கரம் தப்பவில்லை. பெட்டிக்குள் சாம்பார்ப் பாத்திரம் குதித்த சத்தம் முன்சீட்டு வரைக்கும் கேட்டது. இறங்கிப் பார்த்தார்கள். டயர் கிழியவில்லை, சாம்பார் கொட்டவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு இடது டயர் தேய ஆரம்பித்தது. உள் ஓரம் மட்டும், யாரோ அரத்தை வைத்து ராவினது போல. கொர்னேலியஸ் காற்றைக் கூட்டினார், குறைத்தார். டயரை மாற்றினார். சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப் சூடாகிறது என்று உள்ளேயிருந்த இரண்டு பேரிங்கையும் மாற்றினார். தேய்வு நிற்கவில்லை.

கனகமணிதான் முதலில் சொன்னாள். "என்னங்க, இந்தப் பெட்டி இடது காலை அகட்டிக்கிட்டு நிக்கு. எங்க சித்தப்பா முட்டி ஆபரேஷனுக்கு முந்தி நின்ன மாதிரி."

"அச்ச சொல்லுதியா?"

"அச்சோ கிச்சோ, எனக்கென்ன தெரியும். நிக்கது கோணலா இருக்குன்னு சொல்லுதேன்."

அவர் உடனே ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினார். கையால் சுற்றிவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாக்பீஸைப் பிடித்தார். சக்கரம் தேன் மாதிரி சுற்றியது. வட்டம் முழுக்க ஒரே வெள்ளைக் கோடு.

"பாத்தியா. ஒரு நூல் ஆட்டமில்ல. அச்சு ஸ்கேல் மாதிரி இருக்கு. மனுசன் முப்பத்து நாலு வருஷம் என்ன பண்ணுனான்னு நெனச்ச?"

"சக்கரத்தச் சுத்திக்கிட்டு இருந்தீங்க" என்றாள் கனகமணி. உள்ளே போய் உளுந்து ஊறப்போட்டாள். பத்து நாள் கழித்து அதையே மறுபடி சொன்னாள். அவர் மறுபடி சுற்றிக் காட்டினார். மூன்றாம் தடவை அவள் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு நாள் வண்டி போகவில்லை, டயருக்காக. மூன்றாவது தரம் ஒரு சனிக்கிழமை, பொருட்களோடு பாதி வழியில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை மாட்டி வீட்டுக்கே திரும்பினார்கள். வேலைக்குப் போகிற தெலுங்குக் குடும்பம், பக்கத்து வீட்டு மராட்டிக்காரர், சபைப் போதகர் என்று தெருவே அன்று மத்தியானம் வரை இட்லி தின்றது. சாயங்காலம் அசோசியேஷன் செக்ரட்டரி சக்ரபாணியிடமிருந்து கனகமணிக்கு வாட்ஸாப் வந்தது. சக்ரபாணி ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறரை என்றால் ஆறு இருபத்தொன்பதுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர். மூன்று நாள் வரவில்லை, திங்கட்கிழமை ஆறரைக்கு வண்டி நிற்காவிட்டால் அந்த இடத்தை ஒரு ஜூஸ் வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று மரியாதையான இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

கனகமணி அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால் கொர்னேலியஸ் அன்று தூங்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அவள் டிரெய்லரைக் கழுவினாள். பலகை துடைக்கிற நீளத் துண்டைப் பிழியாமலே, இடது சக்கரத்துக்கு மேலே பெட்டி ஓரத்திலிருந்த கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள். கொர்னேலியஸ் முற்றத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, டயரை முறைத்துக்கொண்டிருந்தார். செய்வதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

துண்டு ஈரக் கனத்தில் தொங்கியது. அதன் அடிமுனை டயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே, டயருக்கும் துண்டுக்கும் நடுவில் விரல் போகிற சந்து.

அவர் எழுந்து போய் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றரை விரல் போனது. துண்டை எடுத்து வலது பக்கக் கொக்கியில் மாட்டினார். அங்கே மேலும் கீழும் ஒரே சந்து. துண்டை நம்பாமல் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். நட்டும் துண்டு சொன்னதையே சொன்னது. இடது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது, கால் வெளியே வந்திருக்கிறது. சித்தப்பாவின் முட்டி.

ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்தார். இந்த வண்டியில் அச்சு சுற்றுவதில்லை. அது சும்மா கிடக்கிறது. அதன் முனையில் சக்கரம் மட்டும் சுற்றுகிறது. முனை வளைந்திருந்தால் சக்கரம் சாய்ந்தபடியே, ஒரு நூல்கூட ஆடாமல், அழகாகச் சுற்றும். சாக்பீஸ் வட்டம் முழுக்க ஒரே கோடுதான் போடும். அவர் ஒன்றரை மாதமாக ஒரு ரயிலைச் சோதித்துக்கொண்டிருந்தார். ரயில் வாசலில் இல்லை.

உள்ளே கனகமணி மிக்ஸியை நிறுத்தினாள். அவர் சட்டென்று நூலைச் சுருட்டிப் பையில் போட்டார். அறுபத்திரண்டு வயது மனிதர், சமையலறையில் சர்க்கரை திருடிய பிள்ளை மாதிரி.

"முனீர் கிட்டக் காட்டிட்டு வாரேன்" என்றார்.

"இன்னைக்கா?"

"அவன் வெள்ளிக்கெழமதான் லீவு."

முனீரின் பட்டறை முஷீராபாத் பக்கம். லாரி, டிரெய்லர் அச்சு வேலை. நாமக்கல் லாரிக்காரர்களிடம் பழகி அவனுக்குத் தமிழ் வரும்; அதில் பாதி வீட்டில் பேச முடியாதது. மெதுவாக உருட்டிக்கொண்டு வந்த கொர்னேலியஸைப் பார்த்ததுமே அவன் தூரத்திலிருந்து கையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினான்.

"சாப், லெஃப்ட் ஸ்டப் போச்சு. ரோட்லயே தெரியுது. எத்தனை நாளா?"

"ஒண்ணரை மாசம்."

"கைக்கு சாப், ஏன்? நீங்க ரயில்வே ஆளு, பாக்கலியா?"

"சுத்திப் பாத்தேன். ஆடல."

முனீர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. ஹப்பைக் கழற்றி, அச்சுக் குழாயின் முனையில் வெல்டு பண்ணியிருந்த, சக்கரம் மாட்டுகிற தண்டான ஸ்டப்பில் மூலைமட்டத்தை வைத்தான். ஸ்டப்பின் நுனி மேலே தூக்கிக்கொண்டிருந்தது. "இது ரயில் இல்ல சாப். இதுல அச்சு தூங்கும், சக்கரம் மட்டும் ஓடும். தூங்கறவன் கோணலாப் படுத்தா ஓடறவனுக்கு என்னா தெரியும்?"

"ஹவ்" என்று அவன் பாஷையிலேயே ஆமாம் போட்டார் கொர்னேலியஸ்.

வழி இரண்டு இருந்தது. கேஸ் வைத்து ஸ்டப்பைச் சிவக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்தினால் ஒரு மணி நேரம். காலையில் வண்டி கேட்டில் நிற்கும். புது அச்சு என்றால் ராணிகஞ்ச் கடை திங்கட்கிழமை பதினோரு மணிக்குத்தான் திறக்கும்.

"காய்ச்சிடலாமா? எல்லாரும் அதான் பண்றான்."

கொர்னேலியஸ் ஸ்டப்பைத் தடவினார். சூடு கண்டு முறிந்த அச்சு ஒன்றை அவர் சர்வீஸில் பார்த்திருக்கிறார். முறிந்த முகத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. சூடு பட்ட அச்சு திரும்பத் தண்டவாளத்துக்குப் போகாது. அந்தச் சட்டத்துக்கு ஒர்க்‌ஷாப்பில் யாரும் காரணம் கேட்டதில்லை. இது ரயில் இல்லைதான். ஆனால் இரும்பு இரும்புதான். காலையில் மேம்பாலத்தின் மேல், பின்னால் கேஸ் சிலிண்டரும் கொதிக்கிற சாம்பாரும், முன்சீட்டில் கனகமணி.

"காய்ச்ச நக்கோ, வேண்டாம்" என்றார். "புதுசு போடு."

"அப்ப நாளைக்குக் காலைல வண்டி இல்ல."

"தெரியும்."

பட்டறைக்கு வெளியே நின்று கனகமணிக்குப் போன் செய்தார். இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. நாளைக்கு வண்டி இல்லை என்பதைச் சொல்லிவிட்டார். அது சுலபமாக இருந்தது. 

"அச்சு வளைஞ்சிருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"நேத்து டயர் வெடிச்சப்ப வளைஞ்சிருக்கும்."

அந்தப் பக்கம் அவள் குக்கரை அணைப்பது கேட்டது. "சரி" என்றாள். "சபையில மடக்கு மேச கேட்டுப் பாக்கேன். வேன்ல பாத்திரத்த ஏத்திக்கிட்டுப் போவோம். எடத்த விட முடியாது."

திங்கட்கிழமை ஆறு பத்துக்கு அவர்கள் கேட்டில் இருந்தார்கள். வாட்ச்மேன் கூண்டுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே சபை மேசை, அதன் மேல் இட்லிப் பாத்திரம். மேசைக்கு ஒரு கால் கட்டை. கொர்னேலியஸ் அட்டையை மடித்து வைத்தார். எதிரே ரோட்டோரம் ஜூஸ் வண்டிக்காரன் தன் வண்டியோடு வந்து, ஆரஞ்சுகளைத் துடைத்தபடி காத்திருந்தான். நல்ல முகம்; அவன் மேல் கோபப்படவும் வழியில்லை.

ஆறு இருபத்தொன்பதுக்கு சக்ரபாணி வந்தார். கையைக் கட்டிக்கொண்டு மேசையைப் பார்த்தார்.

"வண்டி எங்கே?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு சார்" என்றாள் கனகமணி. "சாயங்காலம் வந்துரும்."

"வண்டிக்குத்தானேம்மா பர்மிஷன். மேஜை போட்டா நாளைக்கு எல்லாரும் மேஜை போடுவா. ஒரு மாசமா இதே கதைதான். டயர், டயர்னு. நடத்த முடியலைன்னா சொல்லிடுங்கோ, தப்பில்லை. ஒரு வண்டியை ஒழுங்காப் பார்த்துக்கத் தெரியாம தொழில் பண்ண வந்துட்டா கஷ்டம்."

கனகமணி கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். காலை மூன்று மணியின் களைப்பு முழுக்க அவள் தோளில் இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு புருஷன் பக்கம் பார்க்காமல் மூடிக்கொண்டாள். அந்தப் பார்க்காததுதான் கொர்னேலியஸைக் குத்தியது. அவளுக்குத் தெரியும். நேற்று போனிலேயே தெரிந்திருக்கிறது.

"சார், அவ பாத்துக்கிட்டா" என்றார். "நாந்தான் பாக்கல."

சக்ரபாணி அவர் பக்கம் திரும்பினார்.

"ஜூலையிலேயே அச்சு வளைஞ்சிருச்சு. இவ பாத்த உடனே சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நான் ரயில் சக்கரத்தப் பாக்க மாதிரி சுத்திப் பாத்துட்டு, ஆடல, நேராத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன். நேத்துகூட உண்மையச் சொல்லல. சனிக்கெழம வளைஞ்சதுன்னு சொன்னேன்."

சக்ரபாணியின் கைக்கட்டு அவிழ்ந்து, வலது கை காற்றில் மெதுவாக ஒரு சக்கரத்தைச் சுற்றியது. 

"டெட் ஆக்ஸில், சுத்தாத அச்சு" என்றார். "சுத்திப் பார்த்தா ஆடாது. ஆமா, ஆடாது."

"ஆடாது சார்."

"நானா இருந்தாலும் முதல்ல சுத்தித்தான் பார்த்திருப்பேன்." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல இருமினார். எதிர் ரோட்டில் ஆரஞ்சு துடைப்பவனைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "நாளைக்கு ஆறரை. வண்டி நின்னா நீங்க, இல்லேன்னா அவன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

போகும்போது இரண்டு வடையை வாங்கிக்கொண்டு போனார். 

திரும்பி வருகிற வழியில், வேன் பஞ்சகுட்டா சிக்னலில் நின்றபோது கனகமணி கண்ணை மூடியபடியே கேட்டாள். "வீட்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல."

"இப்ப சொன்ன மாதிரி."

சிக்னல் விழுந்தது. அவர் கியரைப் போட்டார்.

மத்தியானம் முனீர் புது அச்சைக் கொண்டுவந்தான். ஸ்பிரிங் பட்டைகள் உட்காருகிற இடம் பழையதைவிட ஓர் அங்குலம் தள்ளியிருந்தது. அதை வெட்டி, மறுபடி வைத்து வெல்டு பண்ண வேண்டியிருந்தது. கொர்னேலியஸ் பட்டறையிலேயே இருந்தார். வெல்டு ஆறுகிற வரைக்கும் யாரையும் தண்ணீர் ஊற்ற விடவில்லை. பேரிங்குக்கு கிரீஸ் தானே வைத்தார். இரண்டு சக்கரமும் மாட்டி வண்டி தரையில் நின்றதும் கை வழக்கம்போல சட்டைப் பைக்குப் போனது. முனீர் பார்த்துக்கொண்டிருந்தான். கை சாக்பீஸைத் தாண்டி, நூலையும் நட்டையும் எடுத்தது. இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் பார்த்தார். மேலும் கீழும் ஒரே சந்து. பிறகு நாடாவைப் பிடித்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்றும் அளந்தார். மூன்றாவது தடவை அளக்கப் போனபோது முனீர் நாடாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

"சாப், அது நேராத்தான் இருக்கு. நீங்க போய்ப் படுங்க."

செவ்வாய்க்கிழமை ஆறு பதினைந்துக்கு எபிநேசர் டிபன் தன் இடத்தில் நின்றது. எதிர் ரோட்டில் ஜூஸ் வண்டிக்காரன் பார்த்தான், தலையை ஆட்டினான், வண்டியை உருட்டிக்கொண்டு அடுத்த கேட்டைத் தேடிப் போனான். கனகமணி அவனைக் கூப்பிட்டு நாலு இட்லி பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினாள். ஆறு இருபத்தொன்பதுக்கு சக்ரபாணி வந்தார். வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி இரண்டு சக்கரத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடைப்பயிற்சிக்குப் போய்விட்டார்.

கொர்னேலியஸ் ஸ்டூலை இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மேலே கொக்கியில் ஈரத்துண்டு தொங்கியது. முன்பெல்லாம் கனகமணி அதை அடுப்புப் பக்கம் போடுவாள். இன்று கேட்காமலே இங்கே மாட்டியிருந்தாள். துண்டுக்கும் டயருக்கும் நடுவிலிருந்த சந்தை அவர் ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்ப்பதற்குள் தலை பெட்டித் தகரத்தில் சாய்ந்துவிட்டது.

கம்பெனி பஸ் கூட்டம் வந்தது. ஒரு பெண் தெலுங்கில், "அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா" என்று கேட்டாள். 

"அங்கிள் நல்லாத்தான் இருக்காரு, ஒண்ணரை மாசமா ரயில் ஓட்டிக் களைச்சுப் போயிட்டாரு" என்றாள் கனகமணி தெலுங்கிலேயே. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தாள்.

ரேச்சல் இருந்தவரைக்கும் தினமும் பெட்டியின் பக்கத்தில் மாட்டியிருந்த சின்னக் கரும்பலகையில் அன்றைய டிபன் எழுதி வைப்பாள். அவள் போன பிறகு பலகை வெறுமையாகவே கிடந்தது. கனகமணி கையைத் துடைத்துக்கொண்டு, தூங்குகிறவரின் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை மெதுவாக உருவினாள். பல்லில் வைத்துக் கடித்து, முள்ளங்கி இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு பலகையில் இட்லி, பொங்கல், வடை என்று பெரிதாக எழுதினாள்.